பத்துக்கு ஒன்பது படுக்கையறை: பாதித் தரையாவது தெரியணும்

எங்கள் படுக்கையறை பத்தடிக்கு ஒன்பதடி. ஆதம்பாக்கத்தில் இரண்டாம் மாடி, வாடகை வீடு. மேற்குச் சுவரில் நாலுக்கு நாலடி ஜன்னல். வடக்குச் சுவரில் கடப்பா கல் அலமாரி, அதற்கு மேலே சுவர் நீளத்துக்கும் மூடாத பரண். கிழக்குச் சுவரின் வடக்கு ஓரத்தில் கதவு. சுவர் முழுக்க ஓனர் அடித்துக் கொடுத்த சந்தன நிற டிஸ்டம்பர். சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தவர்கள் எல்லாருக்கும் இந்த அறையைத் தெரிந்திருக்கும். கதவும் ஜன்னலும் மட்டும் இடம் மாறும்.

குடிவந்த புதிதில் ஆடித் தள்ளுபடி என்று ஒரு கடையில் ஆறடிக்கு ஆறரை அடி கட்டில் வாங்கினோம். தலைமாட்டில் புத்தகம் வைக்கிற பெட்டி, மெத்தைக்கு அடியில் தூக்கித் திறக்கிற அறை, எல்லாம் சேர்த்து 31,500 ரூபாய். ஆறரை அடி என்பது படுக்கிற இடம் மட்டும்தான். தலைமாட்டுப் பெட்டி, கால்மாட்டுப் பலகை எல்லாம் சேர்ந்தால் ஏழடி இரண்டு அங்குலம் என்று கடையில் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் தலைமாடு திரும்பவில்லை. கயிறு கட்டி பால்கனி வழியாகத் தூக்க 1,500 தனி. உள்ளே போட்டதும் கால்மாடு கதவு வழியில் ஐந்து அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. பதினோரு மாதம் நானும் அவரும் எங்கள் அறைக்குள்ளேயே பக்கவாட்டில் நடந்து நுழைந்தோம்.

அந்தக் கட்டிலை 11,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு, அறையை முதலிலிருந்து மறுபடி அமைத்தேன். மொத்தச் செலவு 23,060 ரூபாய். பழைய கட்டிலின் காசு போக, கையிலிருந்து போனது 12,000 சொச்சம். சின்ன அறையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவும் என்று, என்ன செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் கோலமாவு

எதையும் வாங்குவதற்கு முன்னால் அறையைக் காலி செய்துவிட்டு, தரையில் கோலமாவால் கட்டில், பீரோ எல்லாவற்றையும் முழு அளவில் வரையுங்கள். சாக்பீஸும் சரிதான், ஆனால் மொசைக் தரையில் மாவுதான் நன்றாகத் தெரிகிறது. டேப்பை வைத்து அளந்து, கட்டிலின் வெளி அளவை வரைய வேண்டும், மெத்தையின் அளவை அல்ல. பீரோவுக்குப் பெட்டி மட்டும் போட்டால் போதாது; கதவு திறக்கும் இடத்தையும் ஒரு வளைவாகப் போட வேண்டும். மூன்றடி பீரோவுக்கு ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடி வெளியே வரும்.

அம்மா அப்போது பவானியிலிருந்து வந்திருந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கட்டலுக்குக் கோலம் போடற மொத ஆளு நீதான் கண்ணு" என்றார். அப்புறம் அவரே உள்ளே வந்து, கோட்டுக்குள் கால் படாமல் கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்து பார்த்தார். இதைத்தான் செய்ய வேண்டும். இரண்டு நாள் அந்தக் கோடுகளைச் சுற்றியே நடங்கள். இராத்திரி விளக்கைப் போடாமல் ஒருமுறை நடங்கள். எங்கே கோடு அழிகிறதோ அங்கே முழங்கால் இடிக்கப் போகிறது என்று அர்த்தம்.

அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். "பீரோ கன்னி மூலைல வடக்க பாத்து இருக்கோணும். வடக்க தலை வெச்சுப் படுக்கக் கூடாது. இந்த ரெண்டத் தவிர மத்ததெல்லாம் உன்ற இஷ்டம்." எனக்கு வாஸ்துவில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் தென்மேற்கு மூலை இந்த அறையில் உண்மையிலேயே பீரோவுக்குத்தான் லாயக்கு, கதவைத் திறந்ததும் நேரே கண்ணில் படாது. அதனால் சண்டை போடவில்லை.

கணக்கு இதுதான். அறை 90 சதுர அடி. பழைய கட்டில் மட்டும் 43 சதுர அடி. பீரோவும் அப்போதிருந்த டிரெஸ்ஸிங் டேபிளும் சேர்ந்து 9. மிச்சம் 38 சதுர அடித் தரை, அதுவும் துண்டு துண்டாக. புதுத் திட்டத்தில் ஐந்துக்கு ஆறரை அடி கட்டில், பீரோ, ஒரு டிரங்குப் பெட்டி. மூன்றும் சேர்ந்து 40 சதுர அடிக்குள். மீதி 50 அடி தரை, ஒரே துண்டாக. அறை அழகாக இருக்கிறதா என்பதற்கு நான் இப்போது வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: பாதித் தரையாவது கண்ணுக்குத் தெரியணும். அது தெரியாத அறையில் எத்தனை குஷன் அடுக்கினாலும் கோடவுனில் குஷன் வைத்த மாதிரிதான் இருக்கும்.

அந்த 50 அடியும் ஒரே துண்டாக இருக்க வேண்டுமென்றால் கட்டில் சுவரோரம் போக வேண்டும். பத்திரிகைப் படங்களில் கட்டில் நடுவில் இருக்கும், இரண்டு பக்கமும் குட்டி மேசை இருக்கும். எங்கள் அறையில் அப்படிப் போட்டால், பீரோ போக மிஞ்சுகிற இரண்டடியைப் பக்கத்துக்கு ஒரு அடியாகப் பங்கிட வேண்டும். ஒரு அடியில் பூனைதான் நடக்கும். கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டோம், தலை தெற்கே. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே மூன்று அங்குலம் விட்டோம். விரிப்பைச் செருகக் கை போக வேண்டும், சுவரிலும் அழுக்குப் பிடிக்காது. உள்பக்கம் படுப்பவர் கால்மாட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். காலையில் தாமதமாக எழுந்திருப்பவர் உள்ளே என்று முடிவானது. அதாவது அவர்.

கட்டில்: கடைக்குப் போகாமல் வெல்டிங் பட்டறைக்கு

வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் அடித்துச் சொல்லும் ஒரு விஷயம் இருந்தால் அது இதுதான். கிரில் கேட் செய்கிற பட்டறையில் கட்டில் செய்யலாம். எங்கள் தெருமுனைப் பட்டறை அண்ணனிடம் நான் ஒரு தாளில் வரைந்து கொண்டுபோனது இவ்வளவுதான்: ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ் கனம். முப்பது அங்குல அகலமும் 78 அங்குல நீளமும் உள்ள சட்டங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு கால், காலின் உயரம் 12 அங்குலம். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து நாலு இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினால் 60-க்கு 78 கட்டில்.

"ஒரே பீஸா அடிச்சுடலாம் மேடம், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றார்.

"படியில திரும்பாதுண்ணா" என்றேன். முன் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இரண்டு துண்டாகச் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு. இரண்டு சட்டங்களின் உள்பக்கக் குழாயும் கட்டிலின் நட்ட நடுவில் சேர்ந்து நிற்கின்றன, அவற்றுக்குக் காலும் இருக்கிறது. ஐந்தடி அகலக் கட்டிலில் முதலில் தொய்வது நடுப்பகுதிதான். அதற்குத் தனியாக முட்டுக் கொடுக்க வேண்டியதே இல்லை. மொத்த இரும்பு 26 கிலோ சுமார். கூலி, பிரைமர், கறுப்பு பெயின்ட் எல்லாம் சேர்த்து 5,400 ஆனது. இரும்பு விலை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கிலோ ரேட்டைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். குழாயின் வெட்டு வாய்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி, காலடிக்கு ரப்பர் புஷ், இரண்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓனர் அம்மாவின் மொசைக்கில் துருவட்டம் விழும்.

மேலே பிளைவுட் போடவில்லை. இரண்டு காரணம். பிளைவுட் எட்டுக்கு நாலடியாகத்தான் வரும்; ஐந்தடி அகலக் கட்டிலுக்கு ஒரு ஷீட் போதாது, இரண்டு வாங்கினால் பாதி வீண். இரண்டாவது, சென்னை வெக்கையில் வியர்வை எல்லாம் மெத்தையில் இறங்கும். அடியில் காற்று போகாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். பழைய கட்டிலில் அதையும் பார்த்தாயிற்று. அதனால் ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம். மூன்று அங்குல அகலம், முக்கால் அங்குல கனம், ஐந்தடி நீளத்தில் பதினாலு ரீப்பர். நடுவில் இடைவெளி மூன்று அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், கையின் நாலு விரல் அளவு. அதைவிட அகலமானால் மெத்தை இடுக்கில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.

ரீப்பர் நகராமல் இருக்க ஒரு சின்ன வேலை. நாடாக் கட்டிலுக்குப் பின்னுகிற நாடா இருக்கிறதல்லவா, அதில் ஏழடி நீளத்தில் இரண்டு துண்டு வாங்கி, பதினாலு ரீப்பரையும் தரையில் இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு ஓரத்திலும் நாடாவை வைத்து ஒவ்வொரு ரீப்பரிலும் சின்ன ஆணி அடித்துவிட்டேன். இப்போது அது ஏணி மாதிரி ஒரே விரிப்பு. சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். தலைமாட்டு ரீப்பரையும் கால்மாட்டு ரீப்பரையும் மட்டும் குழாயோடு ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால் போதும். மரத்தைப் போடுவதற்கு முன் உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து, கரையானுக்கு மருந்து அடித்து, ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள்.

மெத்தையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மொத்தச் செலவில் பெரிய தொகை இதற்குத்தான், 9,600. ஐந்து அங்குல தென்னை நார் மெத்தை, ரப்பர் பால் கலந்து அழுத்தியது. கெட்டியாக இருக்கும், சூடு பிடிக்காது. எனக்கு ஆசை என்னவோ இலவம் பஞ்சு மெத்தைமேல்தான். போடிப் பக்கத்துப் பஞ்சு வாங்கி, துணி நாமே எடுத்துக் கொடுத்துத் தைக்கச் சொன்னால் அதில் இருக்கிற சுகமே தனி. ஆனால் அதை அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டும். எங்கள் மொட்டை மாடிச் சாவி ஓனர் அம்மாவிடம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாவி கேட்டு நிற்க என்னால் ஆகாது. மாடி உங்கள் கையில் இருந்தால் தாராளமாக இலவம் பஞ்சுக்குப் போங்கள். தலையணையை மட்டும் இலவம் பஞ்சில் வாங்கிக்கொண்டேன்.

விரிப்பு ஊரிலிருந்து வந்தது. ஈரோட்டுக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்: சென்னிமலை, கரூர் பக்கத்தில் எடுக்கிற கட்டில் விரிப்பின் உழைப்பு வேறு. ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கும். அம்மா அங்கே இரண்டு விரிப்பு 1,300 ரூபாய்க்கு எடுத்து அனுப்பினார். 90-க்கு 100 அங்குலம் கேளுங்கள். ஐந்தடி மெத்தையில் இரண்டு பக்கமும் இறங்கி, செருகவும் துணி மிஞ்சும். சென்னையிலிருந்தே வாங்குவதென்றால் தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும்போது எடுப்பது புத்திசாலித்தனம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விரிப்பு இரண்டுமே பூப்போடாத கோரா வெள்ளை, ஓரத்தில் மட்டும் அரக்குக் கோடு. சின்ன அறையில் மிகப் பெரிய பரப்பு கட்டில் விரிப்புதான். அதில் ரோஜாத் தோட்டம் வரைந்திருந்தால் வேறு எதுவும் எடுபடாது. சந்தனச் சுவர், கோரா, அரக்கு. இந்த மூன்றுக்கு வெளியே எதையும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு விதிவிலக்கு, பவானி ஜமக்காளம். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறது. ஊரில் குழித்தறியில் நெய்தது, என் கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் அடங்கிக் கிடப்பதால்தான் அது கத்தினாலும் நன்றாக இருக்கிறது.

பீரோவைக் காணாமல் போக வைத்தல்

அம்மாவின் கல்யாணப் பீரோ. 1991-இல் வாங்கியது. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், 19 அங்குல ஆழம், கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதற்கு அடர் காப்பிப் பொடி நிறம். பவானியிலிருந்து லாரியில் போட்டு வர 1,200 ஆனது. புது வார்ட்ரோப் விலையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு மலிவு என்று தெரியும். கண்ணாடி இருப்பதால் டிரெஸ்ஸிங் டேபிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

பிரச்சினை நிறம்தான். வெளிர் சுவருக்கு முன்னால் அந்த இருட்டுப் பெட்டி நின்றால் அறையின் ஒரு மூலையையே யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருந்தது. அதனால் அதற்குச் சுவரின் நிறத்தையே அடித்தேன். சுவரிலிருந்து உதிர்ந்த டிஸ்டம்பர் செதில் ஒன்றை பேப்பரில் மடித்து பெயின்ட் கடைக்குக் கொண்டுபோனால், அதைப் பார்த்து எனாமலில் அதே நிறம் கலந்து தருவார்கள். பளபளப்பு வேண்டாம், சாட்டின் என்று கேளுங்கள். பளபளத்தால் பீரோவின் ஒவ்வொரு நெளிசலும் தெரியும்.

வேலை இப்படி. கைப்பிடியைக் கழற்றுங்கள். கண்ணாடியையும் பூட்டையும் செய்தித்தாள் வைத்து டேப் ஒட்டி மூடுங்கள். சோப்புத் தண்ணீரால் முழுக்கத் துடையுங்கள், கைப்பிடியைச் சுற்றி முப்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அங்கே பெயின்ட் ஒட்டவே ஒட்டாது. அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், அடுத்து 220. பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்ட வேண்டாம், பளபளப்பு போய் மங்கலானால் போதும். துரு தெரிகிற இடத்தில் மட்டும் இரும்பு பளிச்சிடும் வரை தேயுங்கள். தின்னர் நனைத்த துணியால் தூசியைத் துடைத்து, சொட்டையில் பட்டி போட்டு, மெட்டல் பிரைமர் ஒரு கோட். ரெட் ஆக்ஸைடு வேண்டாம். மேலே வெளிர் நிறம் அடிக்கும்போது சிவப்பு எட்டிப் பார்க்கும், அதை மறைக்க இன்னொரு கோட் அடிக்க வேண்டியிருக்கும். வெள்ளையோ சாம்பலோ வாங்குங்கள். ஒரு ராத்திரி காய்ந்ததும், நாலு அங்குல ஃபோம் ரோலரால் எனாமல் இரண்டு கோட். பிரஷ் போட்டால் கோடு விழும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு பகலாவது இடைவெளி வேண்டும். பீரோவின் வெளிப்பரப்பு 45 சதுர அடிதான், ஒரு லிட்டர் எனாமலும் அரை லிட்டர் பிரைமரும் தாராளம்.

இரண்டு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், மழை ஈரத்தில் காயவே காயாது. நான் மாசியில் அடித்தேன். இரண்டாவது, கதவை ஒரு நாள் முழுக்க மூடாதீர்கள். நான் அவசரப்பட்டு அன்று இரவே மூடிவிட்டேன். காலையில் திறந்தபோது விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு பெயின்ட் உரிந்து வந்தது. அந்த இடத்தை மறுபடி தேய்த்து அடித்தேன், உற்றுப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

அடுத்த முறை அம்மா வந்தபோது அறைக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்து, முகம் மாறிப்போய், "என்ற பீரோவ எங்க கண்ணு வித்துப்போட்ட?" என்றார். மூன்றடி தள்ளி அவருக்கு முன்னாலேயே அது நின்றுகொண்டிருந்தது. பெயின்ட் வேலைக்கு ஆன 950 ரூபாய் எனக்கு அப்போதே வசூலாகிவிட்டது.

நாலு ஓட்டைக்குப் பஞ்சாயத்து

ஓனர் அம்மாவின் கட்டளை: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எல்லா வாடகை வீட்டிலும் இதுதான். நான் போய், "ஆணியே வேண்டாம்மா, ஜன்னலுக்கு மேல நாலே நாலு ஸ்க்ரூ ஓட்டை. காலி பண்றப்ப ஒயிட் சிமென்ட் வெச்சு அடைச்சுக் கொடுத்துடறேன்" என்றேன். "நாலுதானே? அஞ்சாவது பாத்தேன்னா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்" என்றார். மொத்தமாக "ஆணி அடிக்கலாமா?" என்று கேட்டால் கிடைக்காது, எண்ணிக்கையோடு கேட்டால் கிடைக்கும்.

அந்த நாலு ஓட்டையையும் திரைச்சீலைக் கம்பிக்கே செலவு செய்தேன். ஜன்னல் சட்டத்தின் மேலேயே கம்பி இருந்தால் ஜன்னல் அதன் அளவில்தான் தெரியும். அரை அடி மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலம் நீட்டிப் போட்டு, திரையைத் தரை வரைக்கும் இறக்கினால் நாலடி ஜன்னல் பிரெஞ்சு ஜன்னல் மாதிரி ஆகிவிடுகிறது. திரையை ஒதுக்கும்போது அது சுவர்மேல் போய் நிற்பதால் வெளிச்சம் ஒரு அங்குலம்கூடக் குறைவதில்லை.

துணி வாங்கவில்லை. அம்மா கட்டிக் கட்டிப் பூப்போல ஆன அரக்குப் பருத்திச் சேலை, மஞ்சள் கரை. ஐந்தரை மீட்டர். ஏழரை அடி உயரத்துக்கு மேலும் கீழும் மடிப்புச் சேர்த்து இரண்டரை மீட்டர் வீதம் இரண்டு துண்டு. மிச்ச அரை மீட்டர் முந்தானையில் ஒரு தலையணை உறைக்கு முகப்பு வந்தது. சேலையை நீளவாட்டில் தொங்கவிடுவதால் கரைகள் நாலும் மேலிருந்து கீழே நேர்க்கோடாக இறங்குகின்றன, கூரை உயர்ந்த மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. சுருக்கு அதிகம் வைக்காதீர்கள், கரை மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மேற்கு வெயில் ஒரே கோடையில் சாயத்தை உறிஞ்சிவிடும் என்பதால் உள்பக்கம் அவருடைய பழைய நாலு முழ வேட்டிகள் இரண்டை லைனிங்காகக் கொடுத்தேன். ஆறடிதான் வரும், அடியில் ஒன்றரை அடி லைனிங் இல்லாமல் நிற்கும். ஜன்னல் மூன்றடி உயரத்திலேயே முடிந்துவிடுவதால் பாதகமில்லை. ஆல்ட்ரேஷன் கடைத் தையல்காரர் 360 ரூபாய் வாங்கினார், வேட்டியைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்.

பரணுக்கும் கடப்பா அலமாரிக்கும் கோரா துணி. பத்தடி நீளத்துக்கு ஸ்பிரிங் கம்பி நடுவில் தொய்யும், அதனால் நடுவில் ஒரு ஒட்டுக் கொக்கி. துணியைப் போடுவதற்கு முன் பரணில் இருந்ததைக் கீழே இறக்கினேன். போன வீட்டிலிருந்து பிரிக்காமலே வந்த அட்டைப்பெட்டி மூன்று, யாருடையது என்றே தெரியாத ஒரு குடம். மூடி மறைக்கிற துணி, தூக்கிப் போடாததற்குச் சாக்காகிவிடக் கூடாது.

தலைமாட்டுக்குக் கோரைப்பாய். பத்தமடைப் பட்டுப்பாய் எல்லாம் இல்லை, அதை எண்ணெய்த் தலைக்குப் பின்னால் வைக்க மனசு வராது. சாதாரண ஆறுக்கு மூன்றடிப் பாய், 320 ரூபாய். கட்டில் குழாயின் தலைப்பக்கம் இரண்டு ரீப்பரைச் செங்குத்தாக போல்ட் போட்டு நிறுத்தி, பாயைக் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்தையும் அரை அடி பின்னால் மடித்துக் கட்டிவிட்டேன். வெட்டாதீர்கள், பாய் பிரிந்துவிடும். சாய்ந்து உட்கார்ந்து படிக்கலாம், சுவரில் எண்ணெய்க் கறை இல்லை, ஓட்டையும் இல்லை. அழுக்கானால் பாயை மாற்றிக்கொள்ளலாம்.

பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவிலுள்ள ஒன்றே முக்கால் அடியில் அப்பாவின் ஹாஸ்டல் காலத்து டிரங்குப் பெட்டி. மேலே தண்ணீர்ச் செம்பு, மூக்குக் கண்ணாடி, போன்.

விளக்கு கடைசி. டியூப் லைட்டைக் கழற்ற வேண்டாம், வீடு பெருக்கும்போது அது வேண்டும். ஆனால் இராத்திரி எட்டு மணிக்கு மேல் அதைப் போட்டால் படுக்கையறை மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும். ஓரடி அகல மூங்கில் கூடை ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கி, அடியில் ஹோல்டர் நுழையும் அளவுக்கு மூங்கிலை விலக்கி, கவிழ்த்துத் தொங்கவிட்டேன். பரண் விளிம்பில் ஒரு கிளாம்ப், அங்கிருந்து ஒயர் சுவரோரமாக பிளக்குக்கு. பல்பு 9 வாட் எல்இடி, பெட்டியில் வார்ம் ஒயிட், 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்க வேண்டும். குண்டு பல்பைக் கூடைக்குள் போடாதீர்கள், அந்தச் சூட்டுக்கு மூங்கில் கருகும். விளக்கைப் போட்டதும் கூடைப் பின்னல் கூரையில் கட்டம் கட்டமாக விழுகிறது.

வாங்காமல் விட்டவை: ஓடும் எல்இடி பட்டை, சுவர் ஸ்டிக்கர், பிளாஸ்டிக் புல், ஏழு அளவில் வருகிற போட்டோ ஃபிரேம் செட். இதில் ஏதாவது உங்களுக்கு உயிர் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தரையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. போல்ட் போட்ட கட்டில் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை கிறீச்சிட ஆரம்பிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, நாலு போல்ட்டையும் அரைத் திருகு முடுக்கினால் அடங்கிவிடும். எட்டு எம்எம் போல்ட்டுக்கு 13 நம்பர் ஸ்பேனர். அதை டூல்ஸ் பெட்டியில் வைக்காமல் டிரங்குப் பெட்டியிலேயே வையுங்கள். கிறீச் சத்தம் எப்போதும் இராத்திரி பதினோரு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் உள்பக்கம் படுத்திருப்பவரைத் தாண்டச் சொல்லி ஸ்பேனர் தேட அனுப்ப முடியாது.